நீலனின் ஏழு நாட்கள்

ஞானசிகாமணிக்குத் தெரிந்த ஒரே வித்தை சும்மா உட்கார்ந்திருப்பது என்று அவர் மனைவி எஸ்தர் சொல்வாள். அது உண்மைதான். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஏ.டி.எம். வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், பதினோரு வருடம் காவலுக்கு இருந்தவர் அவர். செல்போனை நோண்ட மாட்டார். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. கண் அயர்ந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. அந்த வித்தையைத் தேடி ஒரு வேலை வரும் என்று மட்டும் அவர்கள் இரண்டு பேரும் நினைத்ததில்லை.

பணம் எடுக்க வரும்போதெல்லாம் டாக்டர் ரெஹானா அவரைக் கவனித்திருக்கிறாள். மேலப்பாளையத்துக்காரி. பூச்சிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஒருநாள் படியிறங்கும்போது நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, தெனமும் அப்படி என்னத்த பாத்துக்கிட்டு இருக்கிய?”

“அந்தா, கரண்டு கம்பத்து நெழலத்தான். காலையில மருந்துக்கட படியில கெடக்கும். நா கெளம்புத நேரத்துக்கு ரோட்டத் தாண்டிரும்.”

“போரடிக்காதா?”

“அது நிக்காதுல்லாம்மா? நகந்துக்கிட்டேதான இருக்கு.”

ஒரு மாதத்தில் அந்த ஏ.டி.எம்.மை மூடிவிட்டார்கள். அவள் ஆளனுப்பிக் கூப்பிட்டதில், அடுத்த திங்கட்கிழமை சிகாமணி, பாபநாசத்துக்கு மேலே காட்டோரத்தில் இருந்த ஆராய்ச்சி முகாமில் ரெஹானாவின் முன் நின்றிருந்தார். மூன்று தகரக் கொட்டகைகள். பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கரையில் புங்க மரங்கள். ஒரு மரத்தடியில் சாய்வு நாற்காலியும், அதன் தலைமாட்டில் சலூனில் முடி உலர்த்தும் கூண்டு மாதிரி ஒரு கவசமும்.

“இந்தக் காட்டுல ஒரு சின்ன நீலன் இருக்கு, அண்ணாச்சி. வண்ணத்துப்பூச்சி. கட்டைவிரல் நகம் அளவுதான். பதினாலு வருஷமா அது பின்னாலதான் அலையுதேன். ஆனா அது செய்யுததுல பாதி என் கண்ணுக்குத் தெரியல. அம்புட்டு வேகம்.”

“படம் புடிச்சு மெதுவா ஓட்டிப் பாக்கலாம்லா?”

“பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு மணி நேரப் படத்த அப்படி ஓட்டிப் பாக்க அறுபது மணி நேரமாகும். ஒம்பது வருஷப் படம் பெட்டியில தூங்குது. பாக்க யாருக்கு ஆயுசு இருக்கு? அதோட, எங்க பாக்கணும்னு கேமராவுக்குத் தெரியாது.” அவள் கவசத்தைத் தொட்டாள். “இது உங்க மூளைய அறுபது மடங்கு வேகமா ஓட வைக்கும். வெளியில ஒரு நிமிஷம் போனா, உங்களுக்கு உள்ள ஒரு மணி நேரம். ஆனா ஒடம்பு அதே பழைய ஒடம்புதான். கையத் தூக்கணும்னு நெனச்சா அது தூக்கி முடிக்க அரை நிமிஷமாகும்.”

“நீங்க போட்டுப் பாத்தியளா?”

ரெஹானா கவசத்திலிருந்து கையை எடுத்தாள். “மூணு நிமிஷம். உயிரோட பொதச்ச மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து ஒரு வாரம் அழுதேன். எனக்குப் பெறகு நாலு பேரு உக்காந்தாங்க. ஒருத்தராலயும் முடியல.”

சிகாமணி நாற்காலியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “மெத்தை போட்டிருக்கியளே. எனக்கு அங்க இதுகூட கெடையாது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஓடையின் சத்தம் தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே போய், எங்கோ மலைக்குள் பாறை உருளுவது போல ஓர் அதிர்வாக மட்டும் மிஞ்சியது. பிறகு தண்ணீர் நின்றது. பாறையில் மோதித் தெறித்த துளிகள் காற்றில் அப்படியே தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு காடு. அவை எறும்பு ஊர்வதைப் போலக் கீழே இறங்கின. காம்பிலிருந்து விடுபட்ட ஒரு புங்க இலை, தரைக்கு வந்து சேராமல் நிமிடக் கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. மூச்சை இழுப்பதற்கே இரண்டு நிமிடம் ஆனது. பயப்படலாமா என்று யோசித்தார். பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கும்போது பயத்துக்கு நேரமில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் அது வந்தது.

உறைந்து நின்ற அந்தக் காட்டில் அசைவென்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. இறகுகளை உயர்த்தியபோது அடிப்பக்கம் சாம்பல் நிறம். காய்ந்த சருகு மாதிரி ஒரு சாதாரணம். தாழ்த்தியபோது நீலம். எந்தப் பொருளிலும் அவர் அதுவரை கண்டிராத நீலம், உள்ளேயிருந்து யாரோ விளக்கேற்றியது போல எரிந்தது. பிறகு அணைந்தது. பிறகு எரிந்தது. ஒருமுறை எரிந்து அணைய மூன்று விநாடி. கட்டைவிரல் நகம் அளவுப் பூச்சி, பாய் விரித்த தோணி போல அவர் முகத்துக்கு நேரே நிதானமாகக் கடந்து போனது. அதன் நெஞ்சு ரோமங்கள் காற்றில் சாய்வது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே ஒட்டியிருந்த மகரந்தப் பொடி தெரிந்தது.

கவசத்தை எடுத்தபோது வெளியே ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

“எப்படி இருந்துச்சு?” ரெஹானா நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

சிகாமணி வாயைத் திறந்தார். ஐந்து மணி நேரம் பார்த்ததை எங்கிருந்து தொடங்குவது? “பெருசா இருக்கும்மா” என்றார். “அது சின்னப் பூச்சி இல்ல.”

அன்றிலிருந்து அதுவே அவர் வேலையானது. காலையில் இருபது நிமிடம், மதியம் இருபது நிமிடம். உள்ளே நாற்பது மணி நேரம். கண்டதை அவர் சொல்லச் சொல்ல ரெஹானா எழுதினாள். அவருக்குக் கண் இருந்தது, சொல் இல்லை. அவளிடம் சொல் இருந்தது, ஆனால் பார்க்க முடியவில்லை. சில நாள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க அவர்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள்.

பத்தாவது மாதம் ஒரு பெண் நீலன், நாற்காலியிலிருந்து கையெட்டும் தூரத்தில், புங்கந் தளிரின் கணுவில் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது. கடுகில் பாதி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலெல்லாம் வலை பின்னியது போல வேலைப்பாடு. அந்த ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

முட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த புழு ஒரு நூல் துண்டு போல இருந்தது. வளர்ந்ததும் அதைச் சுற்றி எறும்புகள் கூடின. கொன்றுவிடும் என்று சிகாமணி பதறினார். எறும்புகள் அதைத் தொடவில்லை. காவல் நின்றன. புழு தன் முதுகில் ஒரு துளி தேனைச் சுரந்து கொடுத்தது. குளவி ஒன்று தளிரை நோக்கி இறங்கிய அந்தக் கால் விநாடியை அவர் பதினைந்து விநாடியாகப் பார்த்தார். புழு தன் உடம்பை நடுக்கியது. அந்த நடுக்கம் காம்பு வழியாக ஓடியது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எறும்புகள் எல்லாம் ஒரே வீச்சில் திரும்பின.

“அது கூப்பிட்டுச்சும்மா. கூப்பிட்டதும் வந்துட்டானுவ.”

ரெஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டிலிருந்து அது வெளியே வந்த காலையில், ஈரத் துணியைக் கசக்கி முதுகில் ஒட்டியது போல இருந்தன இறகுகள். அவை விரிந்து முடிய வெளியில் பதினெட்டு நிமிடம். சிகாமணிக்குப் பதினெட்டு மணி நேரம். நரம்புகளுக்குள் நீர் ஏறுவதையும், ஒவ்வொரு மடிப்பும் நேராவதையும், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நீலம் ஊறி வருவதையும் அவர் பார்த்தார். வலது பின்னிறகின் ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்பு நிமிராமல் நின்றுவிட்டது. ஆண் நீலன்.

“இனி எத்தன நாளு இருக்கும்?”

“ஏழு. மழை பெய்யலேன்னா எட்டு.”

“ஐயோ, இம்புட்டுதானா?”

“நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?” ரெஹானா சிரித்தாள். “அது கண்ணும் புத்தியும் உங்க கவசத்தோட வேகத்துல ஓடுது. ஏழு நாள்ங்கது நம்ம கடிகாரம் சொல்லுத கணக்கு. அதுக்கு அது ஒரு முழு ஆயுசு.”

மூன்றாம் நாள், பதினாலு வருடமாக ரெஹானாவைத் தூங்கவிடாத கேள்விக்கு விடை கிடைத்தது. உச்சிப்பொழுதில் இலைகளின் இடுக்கு வழியாகத் தரையில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வெயில் விழும். ஓர் ஆண் நீலன் அதைத் தன் இடமாக வைத்துக்கொள்ளும். இன்னொன்று வந்தால் இரண்டும் சுழன்று சுழன்று மேலே போகும். இருபது விநாடியில் ஒன்று ஓடிவிடும். பல்லும் நகமும் இல்லாத இந்த ஜீவன்களில் யார் ஜெயித்தது என்று எப்படி முடிவாகிறது?

மடிப்பு இறகுக்காரன் போய், அந்த இடத்தை வைத்திருந்த ஒரு கிழ நீலனோடு மோதிய இருபது விநாடியைச் சிகாமணி இருபது நிமிடமாகப் பார்த்தார். வெளியே வந்ததும் இரண்டு கைகளையும் சுழற்றிக் காட்டினார்.

“அது சண்டையே இல்லம்மா. ரெண்டும் தொட்டுக்கிடவே இல்ல. ஒண்ணச் சுத்தி ஒண்ணு ஏறுது. இவன் எம்புட்டு ஏறுதானோ அவனும் அம்புட்டு ஏறுதான். ஒரு எடத்துல கெழவனுக்கு முடியல. அப்ப என்ன செய்தான் தெரியுமா? ரெண்டு றெக்கையையும் சேத்து மூடிக்கிட்டான். பறந்துக்கிட்டு இருக்கும்போதே. கல்லு மாதிரி கொஞ்ச தூரம் விழுந்தான். பெறகு விரிச்சு, திரும்பிப் பாக்காம போயிட்டான்.”

“ஒரு தடவை மூடுனதா?”

“ஒரே தடவ. நீ இருந்துக்கோன்னு சொன்ன மாதிரி.”

ரெஹானா நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டில் எஸ்தருக்கு இதெல்லாம் தெரியாது. பூச்சி பார்க்கிற வேலை என்பது மட்டும் தெரியும். மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் படியேறும் மனிதர், வெளியூர் போய்த் திரும்பியவர் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை. “என்ன புதுசா?” என்று கேட்டுவிட்டு அவள் இலைத்தூளைத் தட்டிக்கொள்வாள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காததும் நடந்தது. எஸ்தரின் தம்பி ஜெபதாஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள், அவன் சட்டையை மடித்துவைத்தபடி அவள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே வந்த சிகாமணி, “இன்னுமா எஸ்தரு?” என்று கேட்டுவிட்டார். அவர் கணக்கில் அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எட்டு நாளு ஆகல. அதுக்குள்ள என் தம்பி ஒங்களுக்குப் பழசாயிட்டானா?”

அதற்குப் பிறகு அவள் அவரிடம் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. சின்னச் சின்னதாக வேறு சிலதும் தவறின. தெருக்காரர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே தேடுவார்.

நீலனின் ஆறாம் நாள் மதியம் ரெஹானா கவசத்தை மாட்டவில்லை. போன வாரம் திருநெல்வேலியில் எடுத்த அவர் தலையின் ஸ்கேன் படம் அவள் கையில் இருந்தது.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு அம்பத்திமூணு. மூளைக்கு அறுபது. ஒரு வருஷத்துல ஏழு வருஷம் தேஞ்சிருக்கு. இப்படி ஆகும்னு நா நெனைக்கல. நெனச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான். இனி இது வேண்டாம்.”

சிகாமணி புங்கந் தளிரைப் பார்த்தார். மடிப்பு இறகுக்காரன் ஒரு தாழ்ந்த இலையில் உட்கார்ந்திருந்தான். இறகு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. நீலம் பாதி உதிர்ந்திருந்தது.

“இன்னும் ஒரு நாளுதான இருக்கு அவனுக்கு? முட்டையில இருந்து பாத்தேன். கடைசிய மட்டும் விட்டா எப்படிம்மா? அது எப்படிச் சாவுதுன்னு யாரும் பாத்ததில்லன்னு நீங்கதான சொன்னிய.”

ரெஹானா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றாள் கடைசியில்.

“தெரியாது.”

“நாளைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க.”

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் எஸ்தர் வந்து இறங்கினாள். ரெஹானா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் சாயங்காலங்களில் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும், தம்பி ஏன் பழசானான் என்பதும் எஸ்தருக்கு அப்போதுதான் புரிந்தது. படத்தில் இருந்த மூளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க ரெண்டு பேராலயும் வேண்டாம்னு சொல்ல முடியல. அதான என்னைய வரச் சொன்னிய?”

எஸ்தர் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“என் மனுசன் ஏழு வருசத்த எங்க கொண்டு போட்டாருன்னு நா பாக்கணும். அதுல என்னைய உக்கார வையுங்க.”

“அக்கா, அது ரொம்பக் கஷ்டம்.”

“ஒரு நிமிசத்துல செத்துர மாட்டேன்லா?”

ரெஹானா கவசத்தை அவள் தலைக்கு இறக்கினாள். சிகாமணி ஆறடி தள்ளி அவளுக்கு நேர் எதிரே நின்றார். வெயிலில் ஏறி வந்ததில் சட்டை முழுவதும் வியர்வை. எஸ்தரின் கண்கள் திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டன. தன்னையும் இப்படித்தான் ரெஹானா ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தார். அந்த உடம்புக்குள் அவள் தனியாக, எங்கோ தூரத்தில், போய்க்கொண்டே இருந்தாள். அவர் கண்ணெடுக்காமல் நின்றார். அந்த ஒரு நிமிடம் அவருக்கே பெரிதாக இருந்தது.

கவசம் மேலேறியதும் அவர் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தார். அவள் முகம் நனைந்திருந்தது.

ரெஹானா தன்னை மீறி நோட்டைத் திறந்துவிட்டாள். “என்ன பாத்திய அக்கா?”

“இவரப் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கல.” எஸ்தர் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். “இனி இவரு இதுல உக்கார வேண்டாம். நாங்க போறோம்.”

ரெஹானா தலையாட்டினாள். பிறகு தானே குனிந்து கவசத்தின் வயரைப் பிடுங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி நடந்தார்கள். நிழலுக்காக ஒரு பாறையோரம் ஒதுங்கி நின்றபோதுதான் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

“ஒரு மணி நேரம் என்னையவே பாத்துக்கிட்டு நின்னிய.”

“ஒரு நிமிசம்தான.”

“எனக்கு ஒரு மணி நேரம். ஒங்க மொகத்துல பயம் வந்துது. மொதல்ல நெத்தியில, பெறகு கண்ணுல, பெறகு வாயோரத்துல. அது முழுசா வந்து சேருததுக்குள்ள கோயில்ல பாதிரியாரு பாதிப் பிரசங்கத்த முடிச்சிருப்பாரு.” அவள் லேசாகச் சிரித்தாள். “நா அந்தம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“என்ன பொய்?”

“அந்தப் பூச்சியப் பாத்தேன். ஒங்க சட்டக்கையில வந்து உக்காந்துது. வலது பக்க றெக்கையில ஒரு மடிப்பு இருந்துச்சு. சொன்னா ஒங்கள இன்னொரு தடவ உக்காரச் சொல்லுவாகளோன்னு சொல்லல.”

சிகாமணி இடது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு மேல், வியர்வை காய்ந்த இடத்தில், விபூதி அளவுக்கு நீலப்பொடி ஒட்டியிருந்தது.

“நீங்க என்னையப் புடிக்க ஓடி வந்தியல்லா? அப்ப விழுந்துட்டு. ஆனா அதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு.”

அவர் வெகுநேரம் சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையிலிருந்து தொடர்ந்து வந்தவர். அவன் தன் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். தான் கவனிக்கவில்லை. அதற்காக வருத்தம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. அந்த நிமிடத்தில் தான் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது.

“எஸ்தரு, அந்தப் புள்ள பதினாலு வருசமா காத்துக்கிட்டு இருக்கு.”

எஸ்தர் பஸ்ஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நீங்க அந்த நாக்காலி பக்கம் வரப்படாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் ஒரு விசிலடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ரெஹானா இன்னும் புங்க மரத்தடியில்தான் இருந்தாள். வயரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அது வந்து இறங்கியதை, கால்கள் ஒவ்வொன்றாகத் துணியில் ஊன்றியதை, சுருட்டி வைத்திருந்த மெல்லிய குழலை நீட்டி வியர்வையைத் தொட்டதை. ரெஹானா நோட்டைத் திறக்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு நூறு கேள்விகள் இருந்திருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

“கஷ்டப்பட்டுச்சா அக்கா?”

எஸ்தர் கண்ணை மூடி அந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போய்ப் பார்த்தாள்.

“இல்லம்மா” என்றாள். “குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. றெக்கைய மெதுவா தொறந்து வச்சுது. பெறகு குடிக்கல.”